இரண்டாயிரம் பேரின் சத்தம்

நேற்றுப் பின்னேரம் பயிற்சி முடிந்து பிள்ளைகள் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரம் 9 பிள்ளை ஒருவர் தன் காக்காவின் போனைக் கொண்டுவந்து நமக்கு ஒரு வீடியோவைக் காட்டினார். லிவர்பூல் வீரர்கள் கிண்ணத்தைத் தூக்குகிறார்கள். வாணவேடிக்கை, சிவப்பு வெளிச்சம், பறக்கும் கடதாசித் துண்டுகள். பின்னால் ஒரு மனிதர் இல்லை, வெறும் கதிரைகள்.

"சேர், இது ஏஐ தானே? சனம் ஒண்டும் இல்லயே?"

சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை 2020இல் சின்னப் பிள்ளை. ஊரடங்கில் வீட்டுக்குள் இருந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் உலகத்தின் பெரிய உதைபந்தாட்ட அணிகளெல்லாம் மாதக்கணக்கில் வெறும் கதிரைகளுக்கு முன்னால் விளையாடின என்பது தெரியாது. அந்த வெறுமைக்குள் இடையில் 4 கிழமை மட்டும் கொஞ்சம் சனம் வந்து போனது என்பதும் தெரியாது.

வரலாறு என்றால் பராக்கிரமபாகு, போர்த்துக்கேயர், கோல்புரூக் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நாமும் அப்படித்தான் படிப்பிக்கிறோம். நம் கண் முன்னால் நடந்ததை எழுதிவைக்காவிட்டால் அது ஐந்தாறு வருடத்தில் "ஏஐ தானே" என்று ஆகிவிடும் போலிருக்கிறது. ஆகவே இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டியோடு வாசியுங்கள்.

2020 மார்ச் 11, புதன்கிழமை. அன்றுதான் உலக சுகாதார ஸ்தாபனம் கோவிட்டை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. அன்றிரவு லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் சம்பியன்ஸ் லீக் ஆட்டம். எதிரணி ஸ்பெயினின் அத்லெட்டிகோ மட்ரிட். வந்திருந்த பார்வையாளர்கள் 52,267 பேர். அதில் ஏறத்தாழ 3,000 பேர் மட்ரிட்டிலிருந்து விமானம் ஏறி வந்தவர்கள். மட்ரிட்டில் அந்தக் கிழமை பாடசாலைகள் மூடியாயிற்று. ஸ்பெயினின் லீக் ஆட்டங்களை ரசிகர் இல்லாமல் நடத்த முடிவாகியிருந்தது. அதாவது தன் ஊர் மைதானத்துக்குள் போக முடியாத ஒருவர், விமானம் ஏறிப் போய் இன்னொரு நாட்டு மைதானத்துக்குள் 50 ஆயிரம் பேரோடு தோள் உரசி நிற்கலாம். யாரும் மறிக்கவில்லை.

இத்தாலி அதற்கு மூன்று கிழமைக்கு முன்பே ஒரு பாடம் படித்திருந்தது. பெப்ரவரி 19இல் அட்டலாண்டா அணி மிலான் நகரின் சான் சிரோ மைதானத்தில் வலென்சியாவோடு விளையாடியது. அட்டலாண்டாவின் ஊர் பெர்கமோ. அங்கிருந்து பஸ்ஸிலும் ரயிலிலுமாக ஊரே திரண்டு போனது. 4-1 வெற்றி. அந்த ஊரின் வரலாற்றிலேயே பெரிய இரவு. சில கிழமைகளில் பெர்கமோவின் மையவாடிகள் நிரம்பி, ஜனாஸாப் பெட்டிகளை இராணுவ லொறிகள் வேறு ஊர்களுக்கு ஏற்றிப்போனதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த ஒரு ஆட்டம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நகரின் மேயர் உட்படப் பலர் அந்த இரவைக் கை காட்டினார்கள்.

லிவர்பூல் ஆட்டத்துக்கும் பின்னர் ஒரு கணக்குப் பார்க்கப்பட்டது. எட்ஜ் ஹெல்த் என்ற நிறுவனம் வைத்தியசாலைத் தரவுகளை ஒப்பிட்டு, அந்த ஆட்டத்தோடு தொடர்புபட்ட மேலதிக மரணங்கள் 41 என்று மதிப்பிட்டது. இது மதிப்பீடு மட்டுமே, ஒவ்வொருவராக எண்ணியது அல்ல. ஆனாலும் அந்த ஆட்டம் கதவடைத்து நடந்திருக்க வேண்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். நாமும் லிவர்பூல் ரசிகர்தான், அதனால் இதைச் சொல்வது சுலபம் இல்லை.

மறுநாள் ஆர்சனலின் பயிற்றுநர் மிக்கெல் ஆர்டேட்டாவுக்குத் தொற்று உறுதியானது. 13ஆம் திகதி பிரீமியர் லீக் நிறுத்தப்பட்டது. அடுத்த நாட்களில் எமது பாடசாலைகளும் மூடிக்கிடந்தன.

லீக் மீண்டும் தொடங்கியது ஜூன் 17இல், ரசிகர் இல்லாமல். அப்போதைய ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: தொலைக்காட்சியில் சனத்தின் சத்தம் கேட்கும், ஆனால் சனம் இருக்காது. ஸ்கை தொலைக்காட்சி, அப்போது ஃபிஃபா வீடியோ கேம் செய்துவந்த ஈஏ ஸ்போர்ட்ஸிடமிருந்து அந்தச் சத்தத்தை எடுத்துப் போட்டது. இத்தனை வருடமாக விளையாட்டைப் பார்த்து கேம் செய்தார்கள், இப்போது கேமைப் பார்த்து விளையாட்டுச் செய்ய வேண்டியதாயிற்று. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கோல் காப்பாளர் கத்துவதும், சப்பாத்து பந்தில் படுவதும் கேட்கும். நம் ஊர் மைதானத்தில் பின்னேரம் கேட்கும் அதே சத்தம்.

ஜூன் 25இல் செல்ஸி மன்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றபோது, 30 வருடத்துக்குப் பிறகு லிவர்பூலுக்கு லீக் கிண்ணம் உறுதியானது. அந்த அணி அன்று விளையாடவே இல்லை. ஆனால் பூட்டிய மைதானத்தின் வாசலில் ஆயிரக்கணக்கில் சனம் கூடிவிட்டது. மறுநாள் துறைமுகப் பக்கம் இன்னும் பெரிய கூட்டம். நகரசபையும் பொலிஸும் கழகமும் கண்டித்தன. கண்டித்தது சரி. ஆனால் 30 வருடம் காத்திருந்தவனை வீட்டில் இரு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதும் விளங்குகிறது. ஜூலை 22இல் கிண்ணத்தைக் கொடுத்தார்கள், வெறுமையான கொப் மேடையில் தளம் அமைத்து. அந்தப் பிள்ளை காட்டிய வீடியோ இதுதான்.

இனி சனம் எப்படித் திரும்பியது என்பதற்கு வருவோம். இங்கேதான் விடயம் இருக்கிறது.

ஓகஸ்ட் 29இல் பிரைட்டனில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பிரைட்டனும் செல்ஸியும். பரீட்சார்த்தமாக 2,500 பேரை உள்ளே விட்டார்கள். ஆட்டம் 1-1. எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒக்டோபர் 1 முதல் படிப்படியாகத் திறக்கலாம் என்பது திட்டம். தொற்று மறுபடி ஏறத் தொடங்கியதால் செப்டெம்பர் 22இல் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் திட்டத்தை நிறுத்திவிட்டார்.

அதே நாட்களில் ஜேர்மனி வேறு வழியில் போனது. அங்கே மாநிலங்கள் சேர்ந்து ஒரு விதி வைத்தன: மைதானத்தின் கொள்ளளவில் 20 வீதம் வரை ரசிகர் வரலாம். ஆனால் அந்த ஊரில் 7 நாள் தொற்று ஒரு இலட்சம் பேருக்கு 35ஐத் தொட்டால் ஒருவரும் வரக்கூடாது. செப்டெம்பர் 18இல் பயர்ன் மியூனிக் ஷால்கவை 8-0 என்று அடித்துத் துவைத்தது. பார்க்க ஆள் இல்லை. மியூனிக்கில் எண் 35ஐத் தாண்டியிருந்ததால், அனுமதிக்கப்படவிருந்த ரசிகர்களைக் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து லைப்சிக்கில் 8 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரே லீக், ஒரே கிழமை. மியூனிக் ரசிகருக்குக் கவலை இருந்திருக்கும். ஆனால் ஏன் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு எண் இருந்தது.

இங்கிலாந்து ஒக்டோபர் 14இல் நாட்டை மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. மிகக் கடுமையான மூன்றாம் அடுக்கில் முதல் நாள் வைக்கப்பட்டது லிவர்பூல் பிரதேசம் மட்டுமே. நகரில் ஒரு கிழமையில் ஒரு இலட்சம் பேருக்கு 600 அளவில் தொற்று. மதுச்சாலைகள், உடற்பயிற்சி நிலையங்கள் மூடப்பட்டன. அடுத்து மன்செஸ்டர். அங்கே மேயர் அண்டி பர்ன்ஹாம் லேசில் விடவில்லை. மூடச் சொல்கிறீர்கள், வேலை இழப்பவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது 65 மில்லியன் பவுண், அரசாங்கம் சொன்னது 60 மில்லியன். பேச்சு முறிந்தது, ஒக்டோபர் 23 முதல் மூன்றாம் அடுக்கு. வடக்கை மூடுவதென்றால் லண்டனுக்கு ஒரு கதையே இல்லை என்ற பேச்சு அப்போது வலுவாக எழுந்தது. எந்த நாட்டிலும் தலைநகரத்துக்குத் தூரமான ஊர்க்காரர் பேசும் பேச்சுத்தான். நமக்குப் புதிதில்லை.

நவெம்பரில் நாடு முழுவதும் ஒரு மாத முடக்கம். அந்த மாதத்தில் லிவர்பூலில் ஒன்று நடந்தது. 6ஆம் திகதி முதல், அறிகுறி இல்லாதவர்களுக்கும் விரைவுப் பரிசோதனை. சுமார் 2,000 இராணுவத்தினர் உதவிக்கு இறங்கினார்கள். 5 இலட்சம் சனத்தொகையில் சுமார் நாலில் ஒரு பங்கினர் அடுத்த சில கிழமைகளில் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டார்கள். இதைப் பெரிய வெற்றி என்று சொன்னவர்களும் உண்டு. அந்தச் சோதனை பலரைத் தவறவிடுகிறது என்று விமர்சித்த வைத்தியர்களும் உண்டு. நமக்கு முக்கியமாகப் படுவது வேறு: பின்னர் வந்த ஆய்வில், வறிய பகுதிகளில் சோதனைக்கு வந்தவர்கள் குறைவு என்று தெரிந்தது. நாட்கூலிக்காரன் ஒருவன் சோதனை செய்து, தொற்று என்று வந்தால் வீட்டில் அடைபட வேண்டும். அடுப்பு எரிவது எப்படி? எமது ஊர்களிலும் பி.சி.ஆர் எடுக்க வரும்போது சிலர் பின்வாசலால் நழுவியதற்குக் காரணம் அறியாமை மட்டும் இல்லை.

நவெம்பர் 26இல் புதிய அடுக்குப் பட்டியல் வந்தது. முடக்கம் டிசெம்பர் 2இல் முடியும். முதலாம் அடுக்கில் மைதானத்துக்கு 4,000 பேர் வரை. இரண்டாம் அடுக்கில் 2,000. மூன்றாம் அடுக்கில் பூச்சியம். (பெரிய மைதானமோ சின்ன மைதானமோ இதுதான் உச்சம், கொள்ளளவில் பாதிக்கு மேல் போகவும் கூடாது.) முதலாம் அடுக்கில் இருந்தவை கோர்ன்வால், வைட் தீவு, சில்லித் தீவுகள் மட்டும். தொழில்முறை லீக்குகளின் ஒரு அணிகூட அங்கே இல்லை. ஆகவே 4,000 என்பது கடதாசியில் மட்டும் இருந்த எண்.

பிரீமியர் லீக்கின் 20 அணிகளில் சரியாகப் பாதி உள்ளே, பாதி வெளியே. ஆறு லண்டன் அணிகள், பிரைட்டன், சௌத்ஹம்ப்டன், லிவர்பூல், எவர்டன் ஆகிய பத்துக்கும் ரசிகர் உண்டு. மன்செஸ்டரின் இரண்டு, லீட்ஸ், நியூகாசில், ஷெஃபீல்ட், பர்ன்லி, லெஸ்டர், அஸ்டன் வில்லா, வுல்வ்ஸ், வெஸ்ட் புரொம் ஆகிய பத்துக்கும் இல்லை. முதன்முதலாகக் கடும் அடுக்குக்குப் போன லிவர்பூல், தொற்றுக் குறைந்து இரண்டாம் அடுக்குக்கு வந்துவிட்டது. 50 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மன்செஸ்டர் வரவில்லை.

எந்த அடிப்படையில்? அரசாங்கம் ஐந்து அளவுகோல்களைச் சொன்னது: எல்லா வயதிலும் தொற்று, 60 வயதுக்கு மேற்பட்டோரிடம் தொற்று, ஏறுகிறதா இறங்குகிறதா, சோதனையில் எத்தனை வீதம் உறுதியாகிறது, வைத்தியசாலைகளின் நெருக்கடி. ஐந்தும் நியாயமானவை. ஆனால் எதில் எத்தனை எடுத்தால் எந்த அடுக்கு என்பது சொல்லப்படவில்லை. புள்ளித் திட்டம் காட்டாமல் விடைத்தாள் திருத்துவது போன்றது. பிள்ளை 48 எடுத்தேன் என்று அழுதாலும், 50க்கு எது குறைந்தது என்று காட்ட முடியாவிட்டால் அந்த ஆசிரியரை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஜேர்மனியின் 35 சரியான எண்ணா பிழையான எண்ணா என்று வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கு ஒரு எண் இருந்தது.

டிசெம்பர் 2ஆம் திகதி இரவு லூட்டன், வைகோம், சார்ல்டன், கார்லைல் போன்ற சின்ன அணிகளின் மைதானங்களில் முதலில் சனம் வந்தது. பேப்பர்கள் அதைப் பெரிதாகப் போடவில்லை, ஆனால் உண்மையில் கூட்டம் அதிகம் தேவைப்பட்டது அவர்களுக்குத்தான். பெரிய அணிகளுக்குத் தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது. கீழ் லீக்கில் வாசலில் விற்கும் டிக்கெட்தான் சம்பளம். மறுநாள் பிரீமியர் லீக் 250 மில்லியன் பவுண் உதவித் திட்டம் ஒன்றுக்கு உடன்பட்டது. அதில் 200 மில்லியன் கடன், 50 மில்லியன்தான் கொடை. மாதக்கணக்கில் பேரம் பேசிய பிறகு.

அதே 3ஆம் திகதி ஆர்சனல் ராப்பிட் வியன்னாவை 2,000 பேர் முன்னால் 4-1 என்று வென்றது. 5ஆம் திகதி லண்டனில் வெஸ்ட் ஹாம் - மன்செஸ்டர் யுனைட்டட். லீக்கில் மார்ச்சுக்குப் பிறகு சனத்தோடு நடந்த முதல் ஆட்டம். யுனைட்டட் 3-1 என்று வென்றது, ஆனால் யுனைட்டட் ரசிகர் ஒருவருக்கும் அனுமதியில்லை. தன் மைதானத்திலும் இல்லை, அடுத்தவன் மைதானத்திலும் இல்லை.

அதே நாள் இன்னொன்றும் நடந்தது, மறைக்கக்கூடாது. லண்டனில் மில்வோல் மைதானத்துக்கு ரசிகர் திரும்பிய முதல் நாள் அது. இனவாதத்துக்கு எதிராக வீரர்கள் ஆட்டத்துக்கு முன் ஒரு முழங்காலில் இருந்தபோது, கூட்டத்தில் ஒரு பகுதி கூக்குரலிட்டது. சனம் வேண்டும் வேண்டும் என்று ஒன்பது மாதம் ஏங்கினோம். சனத்தோடு இதுவும்தான் வந்தது.

அடுத்த இரவு ஆன்ஃபீல்ட். லிவர்பூல் - வுல்வ்ஸ். இலங்கை நேரப்படி நள்ளிரவு தாண்டி 12.45. அந்த டிசெம்பரில் எமது பக்கமும் நன்றாக இருக்கவில்லை. கிழக்கில் சில ஊர்கள் தனிமைப்படுத்தப்பட்டு, எல்லையில் பொலிஸ் நின்றது. ஜனாஸாக்கள் எரிக்கப்படும் கவலை எல்லா வீட்டிலும் இருந்தது. பள்ளிவாசல் திறந்திருந்தால் ஸஃப்பில் ஆளுக்கு ஆள் இடைவெளி, தரையில் ஒட்டிய அடையாளத்தில் நின்றுதான் தொழுகை. ஒரு வீதியின் இந்தப் பக்கம் கடை திறக்கலாம், அந்தப் பக்கம் கூடாது என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த மனநிலையோடுதான் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தோம்.

ஆன்ஃபீல்ட் அப்போது ஏறத்தாழ 54 ஆயிரம் பேர் கொள்ளும் மைதானமாக இருந்தது. 2,000 பேர் என்றால் 27 கதிரைக்கு ஒருவர். சீட்டுக் குலுக்கித் தெரிவான பருவகால டிக்கெட்காரர்கள். முகக்கவசம், இடைவெளி, குறித்த வாசல். ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் அந்த அணியின் பாட்டைப் பாடினார்கள். 1945இல் ஒரு அமெரிக்க இசைநாடகத்துக்காக எழுதப்பட்டு, அறுபதுகளில் லிவர்பூல்காரர்கள் தமதாக்கிக்கொண்ட பாட்டு. தனியாக நடக்கமாட்டாய் என்பதுதான் அதன் பேரே. 2,000 குரல் 54 ஆயிரம் குரல் ஆகாது. பாட்டு மெலிதாகத்தான் கேட்டது, இடையில் சற்று இழுபட்டது. கேம் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழுபறிதான் பெரிதாகப் பட்டது. மனிதர்கள் பாடினால்தான் அப்படி இழுபடும்.

முஹம்மத் ஸலாஹ் 24ஆவது நிமிடத்தில் முதல் கோல். பிறகு வைனால்டம், மட்டிப், கடைசியில் வுல்வ்ஸின் சொந்தக் கோல். 4-0. கோல் காப்பாளராக நின்றது கெல்லஹர் என்ற இளைஞர், அவருக்கு அது லீக்கில் முதல் ஆட்டம்.

லிவர்பூலுக்குக் கூட்டம் என்றால் இன்னொரு அர்த்தமும் இருக்கிறது. 1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். அதில் இறந்தவர்களின் எண்ணிக்கை இன்று 97. பொலிஸின் பிழையை மறைக்க, குடித்துவிட்டு வந்த ரசிகர்களால்தான் நடந்தது என்று கதை கட்டப்பட்டது. அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்பைப் பெறக் குடும்பங்கள் 2016 வரை போராட வேண்டியிருந்தது. கூட்டம் என்றால் ஆபத்து, கூட்டத்தை அடக்க வேண்டும், கூட்டம் சொல்வது பொய் என்ற பார்வையை அனுபவித்த நகரம் அது. அந்த நகரத்தின் 2,000 பேர் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பார்த்து, பாடி, வரிசையாக வெளியேறி வீட்டுக்குப் போனார்கள்.

டிசெம்பர் 16இல் டோட்டன்ஹமுக்கு எதிராக, 90ஆவது நிமிடத்தில் ஃபிர்மினோ தலையால் அடித்து 2-1. அன்றுதான் லண்டன் மூன்றாம் அடுக்குக்குப் போனது. கென்ட் பக்கத்திலிருந்து புதிய வகை வைரஸ் வேகமாகப் பரவியது. லண்டனின் சில பகுதிகளில் தொற்று மன்செஸ்டரைவிட உயர்ந்துவிட்டது. 20ஆம் திகதி நாலாவது அடுக்கு என்று ஒன்றைப் புதிதாக உருவாக்கி லண்டனை அதற்குள் போட்டார்கள். 26ஆம் திகதி பிரைட்டனும் சௌத்ஹம்ப்டனும் போயின.

இப்படி ஒவ்வொன்றாக அணைந்து, 27ஆம் திகதி லிவர்பூல் - வெஸ்ட் புரொம் ஆட்டம் நடந்தபோது, பிரீமியர் லீக்கில் ரசிகர் அனுமதி மிஞ்சியிருந்த ஊர் லிவர்பூல் மட்டுமே. முதலில் மூடப்பட்ட ஊர்தான் கடைசிவரை திறந்திருந்தது. ஆட்டம் 1-1. வெஸ்ட் புரொம் 82ஆவது நிமிடத்தில் சமன் செய்தது. ரசிகர்கள் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆண்டு முடியுமுன் லிவர்பூலும் மூன்றாம் அடுக்கு. ஜனவரி 4ஆம் திகதி இரவு மறுபடி நாடு முழுவதும் முடக்கம் அறிவிக்கப்பட்டது. லீக் ஆட்டங்களுக்கு அடுத்து சனம் வந்தது மே மாதத்தில்.

அதன் பிறகு நடந்ததை லிவர்பூல் ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். 2017 ஏப்ரலிலிருந்து ஆன்ஃபீல்டில் லீக் ஆட்டம் எதிலும் தோற்காத அணி, 68 ஆட்டங்கள். 2021 ஜனவரி 21இல் பர்ன்லி வந்து 1-0 என்று அதை முடித்தது. அதற்குப் பிறகு பிரைட்டன், மன்செஸ்டர் சிட்டி, எவர்டன், செல்ஸி, ஃபுல்ஹம். சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு தோல்வி, ஆறும் வெறும் கதிரைகளுக்கு முன்னால். எவர்டன் ஆன்ஃபீல்டில் வென்றது 1999க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பாவம், எவர்டன் ரசிகர் ஒருவர்கூட அதை நேரில் பார்க்கவில்லை. டிசெம்பரில் 2,000 பேர் இருந்த மூன்று லீக் ஆட்டங்களிலோ இரண்டு வெற்றி, ஒரு சமநிலை.

இதை வைத்து சனம் இல்லாததால்தான் தோற்றார்கள் என்று சொல்லிவிட மாட்டோம். வன் டைக், கோமஸ், மட்டிப் என்று பின்வரிசையே காயத்தில் கிடந்தது. ஆனால் லீக் முழுவதையும் எடுத்தால், அந்தப் பருவத்தின் 380 ஆட்டங்களில் சொந்த மைதான வெற்றி 144, வெளி மைதான வெற்றி 153. இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கில் வெளி அணிகள் கூடுதலாக வென்ற முதல் பருவம் அது. நூற்றாண்டுக்கு மேலாக வீட்டுக்காரனுக்கு இருந்த பலம் காணாமல் போனது. மைதானமும் புல்லும் அதே. ஆள்தான் இல்லை.

2021 ஏப்ரலில் மறுபடி பரீட்சார்த்தம். லெஸ்டர் - சௌத்ஹம்ப்டன் எஃப்.ஏ. கிண்ண அரையிறுதிக்கு வெம்ப்லி மைதானத்தில் 4,000 பேர். ஆனால் இரண்டு அணியின் ரசிகர்களுக்கும் இடமில்லை, அக்கம்பக்கத்து மக்களும் அத்தியாவசிய ஊழியர்களும்தான். யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாத கூட்டம்! மே 15இல் இறுதிப் போட்டிக்கு 20 ஆயிரம் பேரளவில். மே 17 முதல் கொள்ளளவில் கால் பங்கு அல்லது 10,000, பெரிய மைதானங்களுக்கும் அதுதான். இம்முறை அடுக்கு இல்லை, முழு நாட்டுக்கும் ஒரே விதி.

மே 18இல் மன்செஸ்டர் யுனைட்டட் ரசிகர்கள் ஓல்ட் டிரஃபர்ட் வாசலைத் தாண்டினார்கள். அவர்கள் கடைசியாக உள்ளே இருந்தது 2020 மார்ச் 8இல். இடையில் 14 மாதத்துக்கு மேல். லண்டன்காரருக்கும் லிவர்பூல்காரருக்கும் கிடைத்த அந்த டிசெம்பர்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்று கவானி ஏறத்தாழ 40 யார் தூரத்திலிருந்து கோல் காப்பாளரின் தலைக்கு மேலால் பந்தைத் தூக்கிப் போட்டார். லிவர்பூல் ரசிகராக இருந்தாலும் சொல்கிறோம், அந்தக் கோலுக்கு அந்தச் சத்தம் தகும். அதே கூட்டம் அணி உரிமையாளருக்கு எதிராகவும் கத்தியது. சனம் என்றால் அப்படித்தான்.

ஐந்து நாள் கழித்து, மே 23இல், ஆன்ஃபீல்டில் 10,000 பேர். கிறிஸ்டல் பலஸ். சாடியோ மானே இரண்டு கோல், 2-0. மார்ச்சில் எட்டாவது இடத்துக்கு விழுந்திருந்த லிவர்பூல் மூன்றாம் இடத்தில் முடித்தது. வைனால்டம் விடைபெற்றார், வீரர்கள் அவருக்கு மரியாதை செய்ய வரிசையில் நின்றார்கள், மேடையில் சனம் எழுந்து நின்றது.

ஜூலை 11இல் வெம்ப்லியில் யூரோ இறுதிப் போட்டி, 60 ஆயிரத்துக்கு மேல். அன்று டிக்கெட் இல்லாதவர்கள் வாசலை உடைத்து நுழைந்தார்கள், சுமார் 2,000 பேர் என்று பின்னர் விசாரணை சொன்னது. மறுபடி ஒரு 2,000. பெனால்டி தவறவிட்ட மூன்று கறுப்பின இளைஞர்களுக்கு எதிராக இணையத்தில் நடந்த அசிங்கத்தை இங்கே எழுத விருப்பமில்லை. ஒரு கிழமையில், ஜூலை 19இல், இங்கிலாந்தில் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீங்கின.

இவ்வளவையும் அந்தப் பிள்ளைக்கு மைதானத்தில் நின்று சொல்ல முடியவில்லை, மஃரிபுக்கு நேரமாகியிருந்தது. சுருக்கமாகச் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றுதான்:

"அப்ப அந்த ரெண்டாயிரம் பேர எப்புடி சேர் எடுத்தாங்க?"

"சீட்டுக் குலுக்கித்தான்."

"மத்தாக்கள்?"

"வீட்டிலிருந்து பார்த்தாங்க. எங்களப் போல."

கொஞ்சம் யோசித்துவிட்டு, டிசெம்பர் 6 ஆட்டத்தின் வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். இன்று கொண்டுபோய்க் காட்டப் போகிறோம். அந்தப் பாட்டு வரும் இடத்தில் சத்தத்தைக் கூட்டி வைத்து.